இரண்டே நாள் என்றால்தான் வழிகாட்டி வேண்டும்

வெள்ளிக்கிழமை இரவு கிளம்பி, இரண்டு பகல் ஓர் ஊரில் சுற்றிவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பும் பயணம் நம் ஊர்க் குடும்பங்கள் பலவற்றுக்குப் பழகிவிட்டது. கொச்சி, கொழும்பு என்றிருந்த பட்டியலில் இப்போது பினாங்கும் சேர்ந்திருக்கிறது. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் விசா எடுக்காமலே மலேசியாவில் 30 நாள் வரை தங்கலாம். 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானமும் தொடங்கியது. அங்கே போய்வந்தவர்களிடம் கேட்டால் முதலில் பேசுவது சாப்பாட்டைப் பற்றித்தான். மூன்று நான்கு மணி நேரம் ஒரு கைடுடன் நடந்து, ஏழெட்டு இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டும் குடித்தும் பார்க்கிற ‘ஃபுட் வாக்’ அந்த ஊரில் நிறையவே நடக்கிறது. ஆனால் குறைந்த நாளுக்குப் போகிறவர்களில் பலர் அதை வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். இருப்பதே இரண்டு நாள், அதில் கைடு எதற்கு, பத்து நாள் சுற்றுப்பயணம் என்றால் சரி என்று நினைக்கிறார்கள். என் கணக்கு இதற்கு நேர்மாறு. தங்கும் நாள் குறையக் குறைய வழிகாட்டியின் தேவை கூடுகிறது. சாப்பாட்டுக்குப் பேர்போன ஊரில் முதல் நாள் காலையிலேயே அவர் தேவைப்படுகிறார்.

இரண்டு நாளில் வாய்க்கும் வேளைகளை எண்ணிப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும். காலை, மதியம், மாலைச் சிற்றுண்டி, இரவு என நாளுக்கு நான்கு வைத்தாலும் மொத்தம் எட்டு. பத்து நாள் தங்குகிறவருக்கு அது நாற்பது. நாற்பதில் ஐந்து சொதப்பினால் அவருக்கு ஒன்றும் ஆகாது. தவறிய இடத்துக்கு மறுநாள் போய்க்கொள்வார், விசாரித்துக் கற்றுக்கொள்வார். எட்டில் மூன்று போனால் பயணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று. பினாங்கில் இப்படித் தவறவிடுவது மிகச் சுலபம். அங்கே பெரும்பாலான ஒட்டுக்கடைக்காரர்கள் ஒரே ஒரு பதார்த்தத்தை மட்டும் வருஷக்கணக்காகச் செய்கிறவர்கள். விடிகாலையில் தொடங்கிப் பத்து, பதினொரு மணிக்குச் சட்டி காலியானதும் கடையை மூடிவிடுகிறவர் உண்டு. பிற்பகலில்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவரும் உண்டு. காலையில் மீன் குழம்பு நூடுல்ஸ் விற்ற அதே மூலையில் இரவு வேறொருவர் வேறொன்றை வறுத்துக்கொண்டிருப்பார். வார விடுமுறையும் கடைக்குக் கடை மாறும். இந்த ஊரின் சாப்பாட்டை இடத்தை வைத்துத் தேடுவதைவிட நேரத்தை வைத்துத்தான் தேட வேண்டும். கைப்பேசி வரைபடம் இடத்தைச் சரியாகச் சொல்லும். ஆனால் அது காட்டும் திறப்பு நேரம் பல சமயம் கட்டடத்தின் நேரம், அதற்குள் இருக்கிற ஒட்டுக்கடையின் நேரம் இல்லை.

அந்தக் கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பினாங்கில் உண்பதும் குடிப்பதும் எப்படிப் பின்னியிருக்கின்றன என்பது அங்கேதான் புரியும். கோப்பித்தியாம் எனப்படும் பழைய காப்பிக்கடையின் முதலாளி பொதுவாகச் சாப்பாடு விற்பதில்லை. அவர் விற்பது காப்பி, டீ, பார்லித் தண்ணீர், ஜாதிக்காய்ச் சாறு. கடையின் முகப்பிலும் ஓரங்களிலும் ஐந்தாறு ஒட்டுக்கடைக்காரர்களுக்கு இடத்தை வாடகைக்கு விடுகிறார். நாற்காலி, மேசை, மின்விசிறி எல்லாம் அவருடையவை. அதனால் உட்கார்ந்தவுடன் முதலில் வருகிற கேள்வி, குடிக்க என்ன என்பது. சாப்பாட்டை நாம் எழுந்துபோய் ஒவ்வொரு ஒட்டுக்கடையிலும் சொல்லிவிட்டு வர வேண்டும், அது மேசைக்கு வந்துசேரும்போது தனித்தனியாகப் பணம் கொடுக்க வேண்டும். எதுவும் குடிக்காமல் உட்காருகிறவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு சென் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கும் கடைகளும் உண்டு. புதிதாகப் போகிறவர் இதைக் கறார் என்று எண்ணி முகம் சுளிக்கிறார். அந்தக் காப்பிதான் மேசையின் வாடகை என்று ஒருவர் எடுத்துச் சொல்லிவிட்டால் சுளிப்பு போய்விடும். அந்தக் காப்பியும் நம் டிகிரி காப்பி இல்லை. கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கன்னங்கரேலென வறுக்கிறார்கள். நீண்ட துணிப்பையில் தூளைப் போட்டுக் கொதிநீரை ஊற்றி வடிக்கிறார்கள், பாலுக்குப் பதில் கெட்டிப்பால் சேர்க்கிறார்கள். பால் வேண்டாம் என்றால் ‘கோப்பி ஓ’, சர்க்கரையும் வேண்டாம் என்றால் ‘கோப்பி ஓ கோசோங்’. இந்தக் கடைகளைப் பரப்பியதில் பெரும்பங்கு ஹைனான் சீனர்களுடையது. மற்ற சீனக் குழுக்களுக்குப் பிந்தி வந்தவர்கள் என்பதால் வியாபாரத்தில் இடம் கிடைக்காமல், வெள்ளைக்காரர் வீடுகளிலும் கப்பல்களிலும் சமையலுக்குப் போனார்கள். அங்கே கைவந்த ரொட்டி, முட்டை, காப்பித் தொழிலைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்துக் காய்ச்சிய காயா தடவிய ரொட்டியும், அரைவேக்காட்டு முட்டையும் அந்தக் கடைகளில் காலைப் பசியாறலாக நிலைத்தது இப்படித்தான்.

வழிகாட்டி ஏன் வேண்டும் என்பதற்குத் தமிழ் வாசகருக்கு இன்னும் நெருக்கமான சாட்சி, சோற்றின் மேல் பல குழம்புகளை ஊற்றித் தரும் நாசி கண்டார். 1786-இல் ஃபிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பினாங்குத் தீவைக் கைப்பற்றி அதன் முக்கிய ஊரான ஜார்ஜ் டவுனை வரியில்லாத் துறைமுகமாக்கியதும் சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் முஸ்லிம் வணிகர்கள் வந்து குடியேறினார்கள். சூலியா எனப்பட்ட அவர்கள் பெயரைச் சூலியா தெரு தாங்கியது. அவர்களின் தலைவர் காதர் முகைதீன் 1801-இல் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், அதற்குச் சற்றுத் தள்ளி நாகூர் ஆண்டவர் பெயரிலான சிறு தர்காவும் இன்றும் அங்கே நிற்கின்றன. பிற்பாடு ராமநாதபுரம், கடையநல்லூர், தென்காசிப் பக்கங்களிலிருந்தும் ஆட்கள் போனார்கள். தோளில் கம்பு வைத்து, ஒரு பக்கக் கூடையில் சோறும் மறுபக்கம் குழம்புகளுமாகச் சுமந்து, துறைமுகக் கூலிகளுக்குக் காலையில் விற்றவர்கள் இவர்கள். கம்பு போய்க் கடை வந்தது. கேம்பல் தெருவில் 1907-இல் தொடங்கிய ஹமீதியா இன்றும் நடக்கிறது. நாசி கண்டார் கடையில் தட்டை நிரப்புகிறவரின் கையைக் கவனித்துப் பார்க்க வேண்டும். சோற்றின் மேல் நாம் காட்டிய மீனோ கோழியோ வைத்து, வெண்டைக்காய் இரண்டு போட்டதும், கரண்டி ஒரு சட்டியோடு நிற்காது. மீன் குழம்பில் ஒரு கரண்டி, கோழிக் குழம்பில் ஒரு கரண்டி, மாட்டிறைச்சிக் குழம்பில் ஒன்று, கணவாய்க் குழம்பில் ஒன்று, கடைசியில் சோயா சாஸில் கறுத்த கோழியின் சாறு. இப்படிச் சோறு மூழ்க ஊற்றுவதை ‘பஞ்சிர்’ என்று கேட்டே வாங்குகிறார்கள். குழம்பைக் கலக்கக் கூடாது என்று வளர்ந்த நமக்கு இது அலங்கோலமாகப் படும். ஆனால் அந்தக் கலப்பில்தான் சுவை. அதில் தஞ்சாவூர், ராமநாதபுரக் கரையின் மசாலாவும் சீனக் கடையின் சோயாவும் ஒரே தட்டில் சேர்ந்திருக்கின்றன. தனியாகப் போகிறவர் ஒரு குழம்பைக் காட்டி அதை மட்டும் ஊற்றச் சொல்லிவிட்டு, நம் ஊர்க் குழம்புச் சோறு இதைவிட நன்றாக இருக்குமே என்று எழுந்து வந்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, தெரியாததை எப்படிக் கேட்பது?

மற்றவற்றையும் இப்படியே விரித்துக்கொண்டு போகலாம். அசாம் லக்சா எனும் மீன் குழம்பு நூடுல்ஸின் புளிப்பு ஒரே பொருளிலிருந்து வருவதில்லை, நம் புளியோடு குடம்புளியின் உறவான அசாம் கெலுகோரின் காய்ந்த துண்டுகளும் சேர்கின்றன. அதில் கரைந்து கிடப்பது கானாங்கெளுத்தி வகை மீன். பினாங்கில் ஹொக்கியன் மீ கேட்டால் இறால் தலையை வேகவைத்த சிவந்த சாற்றில் நூடுல்ஸ் வரும், கோலாலம்பூரில் அதே பெயரில் கறுப்பாக வறுத்த தடித்த நூடுல்ஸ் வரும். இவையெல்லாம் சுவையான தகவல்கள் என்பதற்கு மேல், எட்டே வேளை கையில் இருப்பவருக்கு எதைக் கேட்பது என்று தீர்மானிக்க உதவுகிறவை.

சைவர்களுக்கும் ஹலால் பார்க்கிறவர்களுக்கும் வழிகாட்டி இன்னும் அவசியம். சார் குவே தியாவ் எனும் வறுத்த பட்டை நூடுல்ஸைச் சீனக் கடைகளில் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பில் வறுக்கிறார்கள். சட்டினியிலும் காய்கறி வதக்கலிலும் பெலாச்சான் எனும் இறால் விழுது ஒளிந்திருக்கும். ‘வெஜிடேரியன்’ என்று சொன்னால் மேலே தெரிகிற இறைச்சித் துண்டை மட்டும் எடுத்துவிட்டுத் தருகிற இடங்கள் உண்டு, அதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை, அவர்களுக்குச் சைவம் என்பதன் எல்லை வேறு. லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும்தான். அதற்கு பினாங்கு வரை போக வேண்டியதில்லை. கருப்பட்டிப் பாகும் தேங்காய்ப்பாலும் ஊற்றிய செண்டோல், ஜாதிக்காயின் சதைப்பகுதியைப் பிழிந்த சாறு, நாட்டுச் சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் தூவிய இடியாப்பம், பாண்டான் இலைச் சாறும் அரிசி மாவும் சேர்த்த, சீன-மலாய்க் கலவையான ஞோஞா பலகாரங்கள் எனச் சைவர் சாப்பிட அந்த ஊரில் ஏராளம் உண்டு. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில், அதாவது செப்டம்பர் அல்லது அக்டோபரில், ஒன்பது பேரரசர் விழா நடக்கும் நாட்களில் போனால் மஞ்சள் கொடி கட்டிய ஒட்டுக்கடைகளில் சீனப் பதார்த்தங்கள் பலவும் சைவமாகவே கிடைக்கும். இதை முன்கூட்டிச் சொல்லித் தேதி குறிக்கச் சொல்கிறவர்தான் நல்ல வழிகாட்டி.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் எளிதானது, பட்டியல்கள்தான் இருக்கின்றனவே என்பது. மிச்செலின் கையேடு 2022 டிசம்பரில் கோலாலம்பூருக்கும் பினாங்குக்குமான முதல் பதிப்பை வெளியிட்டது, நிறைய ஒட்டுக்கடைகளும் அதில் இடம்பெற்றன. அவை நல்ல கடைகள், சந்தேகம் வேண்டாம். பிரச்சினை, எல்லோரும் அதே பட்டியலை வைத்திருப்பது. இரண்டு நாளில் மூன்று மணி நேரத்தை இரண்டு வரிசைகளில் நின்று செலவழிப்பது நல்ல பேரம் இல்லை. ஆர்மேனியன் தெருவில் 2012-இல் வரையப்பட்ட சைக்கிள் ஓட்டும் குழந்தைகள் சுவரோவியத்தின் முன் படமெடுக்கக் காத்துநிற்கும் கூட்டத்தைப் பார்த்தால், ஒரே பட்டியல் ஓர் ஊரை எப்படி ஒரே மூலையில் குவிக்கிறது என்பது தெரியும். அந்தத் தெருவின் மற்ற பகுதிகள் அந்த நேரத்தில் காலியாகவே கிடக்கும்.

தானாகத் திரிந்து, எதிர்பாராமல் ஒரு கடையைக் கண்டுபிடிப்பதுதானே பயணத்தின் இன்பம் என்பார்கள் சிலர். இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். அந்த இன்பம் உண்மையானது. ஆனால் கண்டுபிடிக்க, எதைக் காண்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். மேசையில் உட்கார்ந்தால் என்ன கேட்பார்கள், யாரிடம் எப்போது பணம் கொடுப்பது, எந்த மணிக்கு எந்தத் தெருவில் அடுப்பு எரியும் என்பது பிடிபட்டவருக்கே திரிவது சுகம். சனிக்கிழமை காலை வழிகாட்டியோடு நடந்தவர் மாலையில் தனியாகப் போனால் திரிவார், நடக்காதவர் தேடுவார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கால்வலியில் தெரியும். அதனால்தான் நடையை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைக்காமல் முதலிலேயே முடித்துவிட வேண்டும் என்கிறேன். கோட்டையும் கோயிலும் பிற்பகலில் எங்கேயும் போய்விடாது, காலை ஒட்டுக்கடை போய்விடும்.

கைடு தனக்குக் கமிஷன் தருகிற கடைக்குத்தான் கூட்டிப்போவார் என்ற சந்தேகம் நம்மவர்களுக்கு இயல்பாகவே உண்டு. நம் ஊர்ச் சுற்றுலாத் தலங்களில் கைவினைக் கடைகளுக்கு இழுத்துப்போகப்பட்ட அனுபவம் கற்பித்த பாடம் அது. மலேசியாவில் 1992-ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் சட்டப்படி வழிகாட்டிக்கு உரிமம் வேண்டும், அட்டையைக் கழுத்தில் அணிந்திருப்பார். உரிமம் நேர்மைக்கு உத்தரவாதம் ஆகாது, ஆனாலும் ஆரம்பத்தில் வடிகட்ட உதவும். இதைவிடப் பெரிய பாதுகாப்பு ஒட்டுக்கடையின் பொருளாதாரத்திலேயே இருக்கிறது. ஒரு தட்டுக்குச் சில ரிங்கிட் வாங்கி, பத்து மணிக்கெல்லாம் விற்றுத் தீர்க்கிறவருக்குக் கமிஷன் கொடுத்து ஆள் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. கமிஷன் ஒளிந்திருப்பது நடையின் கடைசியில் வருகிற பிஸ்கட், வெள்ளைக் காப்பிப் பொட்டலம், ஜாதிக்காய்த் தைலம் விற்கும் குளிரூட்டப்பட்ட கடையில்தான். அப்படியொரு நிறுத்தம் நடையில் இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொண்டால் போதும்.

மற்ற மறுப்புகளைவிடக் கனமான ஒன்று இருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் இல்லை. இந்த நடைகளே அந்த ஊரைக் கெடுக்கின்றன என்பது அது. ஜார்ஜ் டவுனின் கடைவீடுகளில் கீழே கடையும் மாடியில் குடியுமாகப் பல தலைமுறைகள் வாழ்ந்ததற்கு 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் துணைநின்றது. 2000 தொடக்கத்தில் அந்தப் பாதுகாப்பு முடிவுக்கு வந்ததும் வாடகை ஏறி, குடியிருந்தவர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். 2008-இல் யுனெஸ்கோ, மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை உலக பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கட்டடங்கள் பிழைத்தன, அவற்றில் பல ஹோட்டல்களாயின. மாடியிலிருந்து இறங்கிவந்து தினமும் காலையில் அதே நூடுல்ஸைச் சாப்பிட்ட ஆட்கள்தான் அந்த ஒட்டுக்கடைக்காரரின் தராசு. உப்பு கூடினால் அன்றே சொல்லிவிடுவார்கள். இரண்டு நாள் வந்துபோகிற நாம் அந்த வேலையைச் செய்ய முடியாது, எது வந்தாலும் படமெடுத்துக்கொண்டு நன்றாக இருக்கிறது என்போம். கடைக்காரர்களின் பிள்ளைகள் பலருக்கு அடுப்படித் தொழிலில் விருப்பமும் இல்லை. கூலிக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்களை அமர்த்தும் வழக்கம் பரவியதைக் கண்டு, 2016 முதல் ஒட்டுக்கடைகளில் குறிப்பிட்ட உள்ளூர் உணவுகளை வெளிநாட்டவர் சமைக்கக் கூடாது என்று பினாங்கு அரசு தடைவிதிக்கும் அளவுக்குக் கவலை முற்றியது. அந்தத் தடை சரியா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. நாசி கண்டாரைக் கொண்டுவந்தவர்களே கடல்தாண்டி வந்த கூலிகளும் வியாபாரிகளும்தான். ஆனால் தடைக்குப் பின்னால் இருக்கிற பயம் நியாயமானது.

இந்த மறுப்புக்கு என்னால் முழுப் பதில் சொல்ல முடியாது, ஒரு பாதிப் பதில் உண்டு. பயணிகள் எப்படியும் வரத்தான் போகிறார்கள். கைடு இல்லாமல் வருகிறவர்கள் பட்டியலில் உள்ள பத்துக் கடைகளில் குவிகிறார்கள். நல்ல வழிகாட்டி அவர்களை மற்றக் கடைகளுக்குப் பிரித்து அனுப்புகிறார். மகன் அடுப்பைக் கையிலெடுத்திருக்கிற கடை எது, இன்னும் சில வருஷத்தில் மூடிவிடப்போகிற கடை எது என்பது அவருக்குத் தெரியும். எந்தக் கடை எத்தனை பேரைத் தாங்கும் என்பதும் தெரியும். சார் குவே தியாவ் வாணலியைப் பார்த்தாலே இந்தக் கடைசி விஷயம் எவ்வளவு முக்கியம் என்று விளங்கும். தீ உச்சத்தில் இருக்கும். பூண்டு, நூடுல்ஸ், மிளகாய் விழுது, சோயா ஒன்றன்பின் ஒன்றாக விழும். ஓரத்தில் ஒதுக்கி முட்டையை உடைத்துப் புரட்டி, முளைக்கட்டிய பயறு போட்டு, மட்டியைக் கடைசி நொடியில் சேர்த்து இறக்கிவிடுவார்கள். நேர்த்தியாகச் செய்கிறவர் ஒரு தடவைக்கு ஒரே தட்டுதான் வறுப்பார். நாலு தட்டைச் சேர்த்துப் போட்டால் வாணலி சூடு தணிந்து நூடுல்ஸ் வெந்து குழைந்துவிடும், வறுபட்ட வாசம் வராது. அந்தக் கடையில் பதினைந்து பேர் கொண்ட கூட்டம் திடீரென்று போய் நின்றால், ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளோடு பசியாற வந்த உள்ளூர்க் குடும்பம் அத்தனை தட்டுக்கும் காத்திருக்க வேண்டும். அவசரத்தில் சமையல்காரர் சேர்த்துப் போடத் தொடங்கினால் எல்லோருக்கும் நஷ்டம்.

ஆகையால் நடைக்குப் பணம் கட்டுவதற்கு முன் குழுவில் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஆறு, எட்டுக்கு மேல் என்றால் வேண்டாம். காலை எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று கேளுங்கள். பதினொன்றுக்குத் தொடங்குகிற காலை நடையில் காலைக் கடைகள் பாதி மூடியிருக்கும். உங்கள் சாப்பாட்டு விலக்குகளை முன்பே எழுதி அனுப்புங்கள், பதிலில் பதார்த்தங்களின் பெயரைச் சொல்லி விளக்குகிறாரா, பார்த்துக்கொள்ளலாம் என்று மழுப்புகிறாரா என்பதிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும். செலவைப் பற்றியும் மறைக்க ஒன்றும் இல்லை. நடைக்குக் கொடுக்கும் கட்டணத்தில், தனியாகப் போனால் இரண்டு நாளுக்கும் ஒட்டுக்கடையிலேயே சாப்பிட்டுவிடலாம். அந்தப் பணத்தில் பெரும்பகுதி வழிகாட்டியின் அறிவுக்கும் நேரத்துக்கும் போகிறது, அது அவர் உழைத்துச் சேர்த்தது. ஆனால் அடுப்பு முன் நிற்கிறவருக்குக் கிடைப்பது தட்டின் விலை மட்டும்தான். எட்டுப் பேர் இரண்டு தட்டு வாங்கி, ஆளுக்கொரு வாய் ருசிபார்த்துக்கொண்டு, இரண்டு மேசைகளை அரைமணி நேரம் அடைத்துக்கொள்கிற நடைகளில் அதுவும் சரியாகக் கிடைப்பதில்லை. இரண்டு பேருக்கு ஒரு தட்டாவது வாங்க வேண்டும், காப்பிக்கடையில் ஆளுக்கொரு பானம் சொல்ல வேண்டும், வீடுதிரும்பும் முன் பிடித்த கடைக்கு நாமே மறுபடி போய் முழுத் தட்டு வாங்கிச் சாப்பிட வேண்டும். முதல் இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளாத வழிகாட்டியை விட்டுவிட்டு வேறொருவரைப் பார்க்கலாம், ஜார்ஜ் டவுனில் அவர்களுக்குப் பஞ்சம் இல்லை.